கொசுறு பாட்டில்

அவன் செய்தது கொலை, சார். ஆள் இன்னும் சாகவில்லை, அதனால் கொலை இல்லை என்று சொல்லிவிட முடியுமா? நியாயத்தைச் சொல்லுங்கள். படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள், மடியில் பேப்பர் வைத்திருக்கிறீர்கள், நீங்களே சொல்லுங்கள்.

கொஞ்சம் இந்தப் பக்கம் மாறி உட்காருகிறீர்களா? எனக்கு ஜன்னல் காற்று வேண்டும். நன்றி சார். எதுவரைக்கும்? வேலூரா? நானும் வேலூர்தான். அவனைப் பிடிக்கத்தான் போகிறேன்.

அவன் பேரா? அங்கேதான் வயிற்றெரிச்சல். அவனுக்குப் பேர் கிடையாது. என் போனில் 'மாம்பழம்' என்று இருக்கிறான். முகமும் கிடையாது, எப்போது பார்த்தாலும் ஹெல்மெட். தலையில் முளைத்ததோ என்னவோ, கழற்றியே நான் பார்த்ததில்லை. வண்டி நம்பர் மட்டும் வேலூர் நம்பர். அதிலும் முதல் பாதிதான் ஞாபகம் இருக்கிறது. போதும் சார். முப்பது வருஷமாக வியாபாரத்தில் இருக்கிறவனுக்கு அது போதும்.

என் பெயர் தணிகாசலம். அம்பத்தூரில் ஷெட். எங்கேயாவது ஓட்டல் மூடுகிறார்கள் என்றால் முதல் போன் எனக்குத்தான் வரும். கிரைண்டர், அடுப்பு, ஃப்ரிட்ஜ், மேஜை நாற்காலி, வடைச்சட்டி வரைக்கும் மொத்தமாக எடுப்பேன். திறக்கிறவனுக்கு விற்பேன். திறக்கிறவன் சிரித்துக்கொண்டு வருவான், மூடுகிறவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்பான். இரண்டு பேரிடமும் நான் ஒரே மாதிரிதான் பேசுவேன். பேரம் என்றால் பேரம். அஞ்சாம் கிளாஸோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன் சார். தட்டு கழுவினேன், மாவு ஆட்டினேன், முதலாளி கரண்டியால் அடித்த தழும்பு இன்னும் இருக்கிறது, பாருங்கள். யாரும் எனக்கு எதையும் சும்மா தரவில்லை. அதனால் யாரிடமும் சும்மா வாங்காமல் விடுவதில்லை என்று ஒரு வைராக்கியம். எதை வாங்கினாலும் கொசுறு கேட்பேன். கத்தரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலை. ஃப்ரிட்ஜ் வாங்கினால் அதன் மேல் இருக்கிற கடிகாரம். கொடுக்க மாட்டேன் என்றால் எழுந்திருக்க மாட்டேன்.

ஷெட்டில் எனக்கு வலது கை லோகநாதன். லோகு. தங்கச்சி வீட்டுக்காரர். இப்போது ஆஸ்பத்திரியில் படுத்திருப்பது அவர்தான். தங்கமான ஆள் சார். பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுவார். பழைய சாமான் வந்து இறங்கினால் முதலில் ப்ளக் போட்டுப் பார்ப்பது லோகுதான். ஈரக் கிரைண்டர், எலி கடித்த வயர், எதுவாக இருந்தாலும் அவர் கை வைத்துப் பார்ப்பார். ஷாக் அடித்தால் கையை உதறிவிட்டு, "மச்சான், இதுல கரண்ட் வருது" என்பார். அவ்வளவுதான். நான் வைப்பதில்லை. எனக்குக் கொஞ்சம் இதயம் வீக். அவருக்கும் அது பழகிவிட்டது.

இருங்கள், போன் அடிக்கிறது. தங்கச்சி தேன்மொழிதான். அடித்து ஓயட்டும். எடுத்தால் அழுவாள்.

எங்கே விட்டேன்? இருங்கள், புகை விஷயத்துக்கு வருகிறேன். நான் பற்றவைத்தால் ஓட்டல் அடுப்பு மாதிரி, சார். ஒன்று அணைவதற்குள் அடுத்தது. லோகுவும் அப்படித்தான், ஆனால் கொஞ்சம் அடக்கம். இருமல் வந்து, நெஞ்சில் பூனை கத்துகிற மாதிரி சத்தம் வந்து, டாக்டர் பயமுறுத்தினார். அப்போதுதான் அண்ணா நகரில் ஒரு கடை திறந்தார்கள், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே ஏசி, வெளியே பேர்ப்பலகை, கல்லாவில் பில் மிஷின். இதோ, இந்த மாதிரி வேப் விற்றார்கள். பேனா மாதிரி இருக்கிறது, இல்லையா? உள்ளே ஊற்றுகிற தண்ணிக்கு ஜூஸ் என்று பேர். பட்டனை அழுத்தினால் சூடாகி ஆவி வரும். நெருப்பு இல்லை, சாம்பல் இல்லை, சட்டையில் ஓட்டை இல்லை. மாம்பழ வாசனை. நானும் லோகுவும் சிகரெட்டை அன்றைக்கே விட்டோம். நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள், டாக்டர்களே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பூனை சத்தம் நின்றது. எனக்கு அது போதும்.

அப்புறம் டெல்லியில் தடை போட்டார்கள். விற்கக்கூடாது, செய்யக்கூடாது, வெளிநாட்டிலிருந்து கொண்டு வரக்கூடாது, குவித்து வைக்கக்கூடாது. சிகரெட் மட்டும் பெட்டிக்கடையில் கயிற்றில் நெருப்புத் தொங்க ஜம்மென்று விற்கலாம். இந்த நியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது? சரி, அது பெரிய இடத்து விவகாரம்.

தடை என்று டிவியில் வந்ததும் எல்லாரும் தலையில் கை வைத்தார்கள். நான் ஆட்டோ பிடித்தேன். மூடுகிற கடை என்றால் என் பேட்டை சார் அது! கண்ணாடிக் கடைக்காரப் பையன், பையன் என்றால் முப்பது வயசு இருக்கும், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வேர்த்துக்கொண்டு நிற்கிறான். போலீஸ் எப்போது வருமோ என்று தெருவையே பார்க்கிறான். அந்தக் கண் எனக்குத் தெரியும். மிச்சம் இருந்த ஜூஸுக்கும் வேப் மிஷினுக்கும் சேர்த்து, அவன் கேட்ட விலையில் கால் பங்குக்கும் கீழே சொன்னேன். "அண்ணே, வாங்கின காசு கூட வராதுண்ணே" என்றான். "போலீஸ் வந்தா அதுவும் வராது, உள்ளே போற செலவும் உன்னோடது" என்றேன். கொடுத்துவிட்டான். அட்டைப்பெட்டியோடு ஒரு புது சார்ஜரும் கொசுறு.

போகும்போது ஒன்று சொன்னான். "அண்ணே, இது தீர்ந்ததும் விட்டுடுங்க. இனிமே வர்றதுக்கு கடை இருக்காது, பில் இருக்காது. உள்ள என்ன இருக்குன்னு அட்டையில எழுத ஆள் இருக்காது. ஏதாவது ஆச்சுன்னா யார் சட்டையப் பிடிப்பீங்க?" தோற்றவன் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன். பேரத்தில் தோற்றவன் வாசல் வரை வந்து ஏதாவது சாபம் கொடுக்காமல் விடமாட்டான்.

ஒரு பெட்டி ஜூஸ் எத்தனை நாள் தாங்கும்? அதற்குள் ஊரே மாறிவிட்டது சார். என்னை மாதிரி இழுத்தவர்களைப் பார்க்கவேண்டுமே! ஒருத்தன் மறுபடி சிகரெட்டுக்கே போனான், இப்போது வட்டியும் முதலுமாக ஊதுகிறான். ஒரு வங்கி மேனேஜர், டிபன் கேரியர் கீழ்த்தட்டில் வேப் வைத்து, மேல்தட்டில் தயிர்சாதம் வைத்துக்கொண்டு போவார். சிலருக்குக் குருவிகள்தான் தெய்வம். குருவி தெரியுமா? சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் பறந்து பை நிறையச் சாமான் கொண்டு வருகிற ஆட்கள். அவர்கள் கொண்டு வந்தால் உண்டு, ஏர்போர்ட்டில் பிடிபட்டால் இல்லை. மீதிப் பேருக்கு வாட்ஸப் குரூப். அதில் வேப் என்ற வார்த்தையே வராது. "தர்பூசணி வந்தாச்சு", "திராட்சை புளிக்குது, வாங்காதீங்க" என்று ஏதோ பழமண்டி மாதிரி இருக்கும். என் வீட்டுக்காரி ஒரு நாள் பார்த்துவிட்டு, "எப்ப இருந்து பழ வியாபாரம்?" என்றாள்.

லோகு என்ன செய்தார் தெரியுமா? விட்டுவிட்டார். சத்தமே இல்லாமல். தடை வந்ததும், "மச்சான், இதுதான் நேரம், நாமளும் விட்டுடலாம்" என்றார். சட்டைப் பையில் கிராம்பு வைத்துக்கொண்டார். இழுக்கத் தோன்றினால் ஒன்றை எடுத்துக் கடிப்பார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது சார். எதிரே ஒருத்தன் கிராம்பை மென்றுகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால், நாம் இழுக்கிற ஒவ்வொரு இழுப்பும் நம்மைத் திட்டுகிற மாதிரி இருக்கும். "என்ன மாப்ளே, பல்வலியா?" என்பேன். "சீமந்தத்துக்கு மசாலா அரைக்கப் போறியா?" என்பேன். சிரிப்பார். சிரித்துக்கொண்டே கடிப்பார். நல்ல மனுஷர். ரொம்ப நல்ல மனுஷர்.

யோவ் கண்டக்டர், என்னய்யா முறைக்கிறே? புகை இல்லப்பா, ஆவி. வெறும் ஆவி. என்னது, ஆவிக்கெல்லாம் தனி டிக்கெட்டா? சரி சரி, வைத்துவிட்டேன். போ. பார்த்தீர்களா சார், நாட்டில் ஒருத்தனும் நிம்மதியாக இருக்க விடமாட்டான். இருமுகிறேன் என்று பயப்படாதீர்கள். எனக்கு இது பழைய இருமல்.

என் பெட்டி தீர்ந்தது. அப்போதுதான் இவன் வந்தான். மாம்பழம். குரூப்பில் யாரோ நம்பர் கொடுத்தார்கள். பாலத்துக்குக் கீழே, இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்பான். வண்டியை அணைக்கவே மாட்டான், ஒரு கால் தரையில், ஒரு கால் வண்டியில். வாங்குகிறவன் காசைக் கொடுத்துவிட்டு ஓடுவான், அவனும் ஓடுவான். இப்படியா சார் வியாபாரம் செய்வது? நான் முதல் நாளே அவன் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தேன். "உக்காரு. பேசு. நான் அம்பத்தூர் தணிகாசலம்" என்றேன். பயந்துவிட்டான். ஹெல்மெட்டுக்குள்ளே கண் மட்டும் உருண்டது.

அவனிடம் நான் எப்போதும் காலையில்தான் போவேன். ஏன்? போணி. முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்பினால் அன்றைக்கு வியாபாரம் படுத்துவிடும் என்று எந்த வியாபாரிக்கும் ஒரு பயம் இருக்கிறது, திருட்டு வியாபாரிக்கு இரண்டு மடங்கு. அந்தப் பயத்தில் கை வைத்தால் விலை தானாக இறங்கும். ஒவ்வொரு வாரமும் இறக்கினேன். "அண்ணே, இந்த ரேட்டுக்கு நல்ல சரக்கு கொண்டு வர முடியாதுண்ணே" என்று அழுவான். "அது உன் பாடு" என்பேன். அடுத்த வாரம் அதே விலைக்குக் கொண்டு வருவான். எங்கிருந்து கொண்டு வருகிறான், எதைக் கொண்டு வருகிறான் என்று நான் ஏன் கேட்க வேண்டும்? விலை இறங்கியது என்றால் முதலிலேயே ஏற்றி வைத்திருந்தான் என்றுதானே அர்த்தம்? மாம்பழ வாசனை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. சரி, மாம்பழ சீசனே முடிந்துவிட்டதே என்று எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் விலை முடித்துவிட்டு கொசுறு கேட்டேன். "குடுக்கறதுக்கு ஒண்ணும் இல்லண்ணே" என்றான். பை திறந்திருந்தது. உள்ளே ஓரமாக ஒரு சின்ன பாட்டில். மேலே பேர் இல்லை, படம் இல்லை, எழுத்து இல்லை. கண்ணுக்கு மருந்து விடுவோமே, அந்த மாதிரி மூக்கு.

"அது என்ன?"

"அது விலைக்கு இல்லண்ணே."

"விலைக்குக் கேக்கலியே. கொசுறுக்குத்தான் கேக்கறேன்."

"ஐயோ, அது வேணாம்ணே. கலந்து பாக்கறதுக்கு ஒருத்தர் குடுத்தது. நானே இன்னும் இழுத்துப் பாக்கலை."

சார், இதை நன்றாகக் கேளுங்கள். விற்கிறவன் ஒரு சாமானை விலைக்கு இல்லை என்று சொன்னால், அதுதான் கடையிலேயே முதல் தரமான சாமான். இது என் தொழில் பாடம். மூடுகிற ஓட்டலில் எல்லாவற்றையும் காட்டுவான். மூலையில் சாக்கு போட்டு மூடி, "அது வேணாம் சார், அது ரிப்பேர்" என்பான். சாக்கைத் தூக்கினால் உள்ளே புத்தம்புது மிக்ஸி இருக்கும், மச்சினனுக்கு என்று ஒதுக்கி வைத்திருப்பான். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! அதனால் இவன் வேணாம் வேணாம் என்று சொல்லச் சொல்ல எனக்கு ஆசை ஏறியது. கையை விட்டு எடுத்துவிட்டேன். "அண்ணே! அண்ணே!" என்று பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் அவனே போன் செய்தான் சார். அதுவரை ஒரு தடவையும் அவனாகப் போன் செய்ததில்லை. "அண்ணே, அந்த பாட்டிலைத் திருப்பிக் குடுத்துடுங்க, அதுக்குப் பதிலா ரெண்டு நல்லது தர்றேன்" என்கிறான். குரலே சரியில்லை, ஏதோ ஓடிக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்றுக்கு இரண்டு தருகிறான் என்றால் அந்த ஒன்று எப்பேர்ப்பட்டதாக இருக்கவேண்டும்! "கொசுறு குடுத்துட்டு திருப்பிக் கேக்கறவனை இப்பத்தான்டா பாக்கறேன்" என்று வைத்துவிட்டேன். திரும்பத் திரும்ப அடித்தான். ப்ளாக் செய்தேன்.

இல்லை சார், நான் இழுக்கவில்லை. நான் காசு கொடுத்து வாங்கினது என்னிடம் இருந்தது. நல்ல சரக்கு என்று தெரிகிறதே, அதை மாப்பிள்ளைக்குத்தான் கொடுக்கவேண்டும் என்று தோன்றியது. இதில் என்ன தப்பு? கூடவே, சும்மா வந்த சாமானைப் போட்டுப் பார்ப்பது எப்போதும் அவர்தானே?

லோகு அப்போது ஒரு கிரைண்டரைக் கவிழ்த்து வைத்து அடியில் குனிந்திருந்தார். என் பழைய வேப்பில் அந்த ஜூஸை நானே ஊற்றி, நானே நீட்டினேன்.

"மாப்ளே, இந்தா. தனிச் சரக்கு. கடைக்காரன் தரமாட்டேன்னு காலைப் பிடிச்சான்."

"வேணாம் மச்சான். விட்டாச்சு."

"ஒரே இழுப்பு. எப்படி இருக்குன்னு சொல்லு, போதும். நான் என்ன விஷத்தையா குடுக்கறேன்?"

அந்த வார்த்தையைச் சொன்னேன் சார். வாயில் அதுதான் வந்தது. லோகு என் முகத்தைப் பார்த்தார். பத்து வருஷமாக என் ஷெட்டில் இருக்கிறார், நான் நீட்டினதை வேண்டாம் என்று சொன்னதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி இழுத்தார். உடனே இருமினார், கண்ணில் தண்ணி வந்துவிட்டது. "மச்சான், இதுல ஏதோ எண்ணெய் வாடை வருது" என்றார். கிரைண்டரில் கரண்ட் வருது என்று சொல்வாரே, அதே குரல். "பழக்கம் விட்டுப்போச்சு, அதான். ரெண்டு நாள் இழுத்தா சரியாயிடும்" என்றேன்.

இழுத்தார். ஒரு தடவை வாயில் வைத்தால் சும்மா விடுமா? கிராம்பு அப்படியே பையில் கிடந்தது. எனக்குச் சந்தோஷம், மறுபடி ஜோடியாகிவிட்டோம் என்று. அடுத்த வாரம் அவருக்குக் காய்ச்சல். அப்புறம் படியேற முடியவில்லை. அப்புறம் படுத்தால் மூச்சு வரவில்லை, உட்கார்ந்தே தூங்கினார். இப்போது ஆஸ்பத்திரியில், வாய்க்குள் குழாய். மிஷின் இழுத்து விடுகிறது சார். உஸ்... உஸ்... என்று. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

மறுபடி தேன்மொழி. இருக்கட்டும்.

டாக்டரம்மா சின்ன வயசு. என்னையும் தங்கச்சியையும் கூப்பிட்டு வைத்துக் கேட்டாள். "நுரையீரல் முழுக்க எண்ணெய் படிஞ்ச மாதிரி இருக்கு. என்ன இழுத்தார்? வேப் ஏதாவதா? இது கிருமியால வந்ததா, இழுத்த பொருளால வந்ததான்னு எனக்குத் தெரியணும். ஒண்ணுக்குக் கொடுக்கிற மருந்து இன்னொண்ணா இருந்தா ஆளையே கவிழ்த்துடும். மிச்சம் பாட்டில் ஏதாவது இருந்தா கொண்டு வாங்க, என்ன கலந்திருக்குன்னு பாத்துடலாம்."

தேன்மொழி என்னைப் பார்த்தாள். "அண்ணனுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றாள்.

நான் "பீடி" என்றேன்.

அப்படிப் பார்க்காதீர்கள் சார். பின்னே என்ன சொல்லச் சொல்கிறீர்கள்? அந்த அறையிலேயே ஒரு போலீஸ்காரர் வேறு ஏதோ கேஸுக்காக உட்கார்ந்திருக்கிறார். வேப் என்று சொன்னால் எங்கே வாங்கினாய் என்று கேட்பார்கள், யார் கொடுத்தார்கள் என்று கேட்பார்கள். ஷெட்டில் வந்து தேடினால் இன்னும் அரைப் பெட்டி வேப் மிஷின் கிடக்கிறது, குவித்து வைத்தவன் என்று என்னைத்தானே பிடிப்பார்கள்? நான் உள்ளே போய்விட்டால் ஆஸ்பத்திரி செலவை யார் பார்ப்பது? தங்கச்சிக்கு யார் இருக்கிறார்கள்? யோசித்துப் பார்த்தால் அவளுக்காகத்தான் அப்படிச் சொன்னேன். டாக்டரம்மா நம்பவில்லை. "நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சா நல்லது. அதுக்கு மேல என்னால ஒண்ணும் சொல்ல முடியாது" என்றாள். அதனால்தான் காலையில் எழுந்ததும் பஸ் ஏறிவிட்டேன். கலந்தவன் வந்து சொல்லட்டும். அதுதானே முறை?

ப்ளாக்கை எடுத்துவிட்டுப் போன் செய்தேன். இப்போது அவன் எடுப்பதில்லை. பாலத்துக்குக் கீழேயும் வருவதில்லை. இளநீர்க்காரன், "அந்த ஹெல்மெட் தம்பியா? அவனுக்கே உடம்பு சரியில்லைன்னு சொன்னாங்க" என்கிறான். நடிப்பு சார், எல்லாம் நடிப்பு.

பாட்டில் என்ன ஆச்சா? இதோ, இருக்கிறதே. சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். பாருங்கள், கால் பங்கு மிச்சம் இருக்கிறது. பிடித்துப் பாருங்கள், ஒன்றும் ஆகாது. கொஞ்சம் மஞ்சளாக இல்லை? சாய்த்தால் ஒட்டிக்கொண்டு மெதுவாக இறங்குகிறது, விளக்கெண்ணெய் மாதிரி.

என்ன சார், நீங்களும் சத்தம் போடுகிறீர்கள்? இதை டாக்டரம்மாவிடம் கொடுக்கலாமே என்கிறீர்கள், அதைத்தான் இவ்வளவு நேரம் விளக்கினேனே! கொடுத்தால் உன் கைக்கு எப்படி வந்தது என்று கேட்க மாட்டார்களா? தெருவில் கிடந்தது என்றா சொல்வது? நீங்கள் படித்தவர், உங்களுக்கு எல்லாம் சுலபம். நான் ஒரு தடவை வழுக்கினால் மறுபடி தட்டு கழுவத்தான் போகவேண்டும். அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பிப் போ என்கிறீர்களா? வேலூருக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது சார்.

ஏன் வண்டி மெதுவாகிறது? டோல்கேட்டா? அங்கே பாருங்கள், ஜீப். போலீஸ் ஜீப். இரண்டு பேர், இல்லை, மூன்று பேர். நம் பஸ்ஸைத்தான் கை காட்டுகிறான். இளநீர்க்காரன் சொல்லியிருப்பான். இல்லை, ஆஸ்பத்திரியில் அந்தப் போலீஸ்காரன். சார், இதைக் கொஞ்சம் உங்கள் பையில் வைத்துக்கொள்கிறீர்களா? ஒரு நிமிஷம். உங்களை யாரும் சோதிக்க மாட்டார்கள், முகத்தைப் பார்த்தாலே தெரியும். கொடுக்கச் சொல்லிக் கேட்கவில்லையே, வைத்துக்கொள்ளத்தானே கேட்கிறேன்! டாக்டரிடம் நீங்களே கொண்டு போய்க் கொடுப்பீர்களா? அதெப்படி, என் பேரைச் சொல்வீர்களே? விடுங்கள். கையை விடுங்கள் சார். விடுங்கள் என்கிறேன்!

போயிற்று.

ஜன்னல் வழியாக எங்கே விழுந்தது, தெரிந்ததா? அந்த முள்ளுக்குள்ளே. பின்னாலேயே லாரி வருகிறது. கத்தாதீர்கள், டிரைவர் நிறுத்த மாட்டார், நிறுத்தினாலும் அவ்வளவு சின்ன சாமானை எங்கே போய்த் தேடுவது?

அட, மோர் குடிக்கிறார்கள் சார். அந்த மூன்று பேரும் நின்று மோர் குடிக்கிறார்கள். கை காட்டினது மோர்க்காரனை. நம் பஸ்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சரி. ஆனது ஆகிவிட்டது. என்னை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் என்ன கலந்தேனா? நான் விற்றேனா? பேர் இல்லாமல், முகம் இல்லாமல் வந்து கொடுத்துவிட்டுப் போனவன் அவன். எல்லாரும் சேர்ந்து அவனை விட்டுவிட்டு என் மேல் பாயுங்கள்! இப்போது இன்னும் நல்லதாகப் போயிற்று, கேளுங்கள். பாட்டில் இல்லை. அப்படியென்றால் அதில் என்ன இருந்தது என்று தெரிந்த ஒரே ஆள் அவன்தான். அவன் வந்துதான் ஆகவேண்டும். வேறு வழியே கிடையாது அவனுக்கு.

தேன்மொழியா அடிக்கிறாள்? மூன்றாவது தடவை. இல்லை சார், எடுக்காதீர்கள். கட் பண்ணுங்கள். எடுக்காதீர்கள் என்றேன் இல்லையா? கூப்பிட்டால் அழத்தான் கூப்பிடுவாள், வேறெதற்கும் இருக்காது. வேறென்ன இருக்கப் போகிறது? சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கிறது என்று டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறாள். இப்போது வெயில்கூட ஏறவில்லை.

போன் உங்கள் கையிலேயே இருக்கட்டும். இந்தச் சின்ன எழுத்தில் எனக்கு அடிக்க வராது. மாம்பழம் என்று இருக்கும், அதைத் திறங்கள். நான் சொல்லச் சொல்ல எழுதுங்கள். ஒரு டிக்தான் விழுமா? விழட்டும். எழுதுங்கள்.

டேய், என்று எழுதுங்கள். இல்லை, தம்பி என்று போடுங்கள். தம்பி, உன்னிடம் நான் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. பேரம் பேசவில்லை. அன்றைக்கு நீ சொன்னாயே, ஒன்றுக்கு இரண்டு என்று, அதுவும் வேண்டாம். நீ என்ன கலந்தாய், எதில் கலந்தாய், யாரிடம் வாங்கினாய், அதை மட்டும் வந்து சொல். ஆஸ்பத்திரியில் ஒரு மனுஷன் குழாயில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான். அவன் உன்னிடம் ஒரு தடவைகூட வாங்கினதில்லை, உன்னைப் பார்த்ததுகூட இல்லை. கொடுத்தவன் நீ. பயந்துகொண்டு ஒளிந்தால் அது ஆம்பிளைத்தனமா? போலீஸுக்குப் பயந்து ஒரு உயிரை விடுவாயா நீ? மனசாட்சி என்று ஒன்று இருந்தால் வா. சாயங்காலத்துக்குள் வா. டாக்டரம்மா முன்னால் நின்று, உன் வாயால் உண்மையைச் சொல்லி, செய்ததைச் சரி செய்.

எழுதிவிட்டீர்களா? கடைசியில் இதையும் போடுங்கள்.

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வா.